எர்த் குழிக்கு ரெண்டு குடம் தண்ணீர்

ரூபா போன் பண்ணியபோது நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ரூபா எங்கள் மின் விநியோக அலுவலகத்தில் இப்போது உதவிப் பொறியாளர். நான் ஓய்வு பெற்ற மறுநாள் என் நாற்காலியில் உட்கார்ந்த பெண். கன்னடக்காரி. நடுநடுவே எனக்காக நாலு தமிழ் வார்த்தை போட்டு ஐஸ் வைப்பாள்.

"வசந்தா மேடம், குட் நியூஸ்! நீங்க போட்ட நீலசந்திரா சார்ஜிங் ஸ்டேஷன், பூட்டிக் கெடந்ததே, அதைத் திறக்கப் போறோம். புது ஆர்டர் வந்திருக்கு மேடம். எல்லா ஸ்டேஷன்லயும் எர்த் குழிய நல்ல கோடையிலதான் டெஸ்ட் பண்ணணும், சொட்டுத் தண்ணி ஊத்தாம. ஃபெயிலானா போர் போட்டுப் புது எர்த். நேத்து பண்ணினோம். இதுவரைக்கும் பார்த்த குழியில இது ஒண்ணுதான் பாஸ். குழிகூட ஜில்லுனு இருந்தது, நல்ல மண்ணு போல."

திறப்பு விழாவுக்கு ஒரு மலர் போடுகிறார்களாம். பெங்களூரில் எலக்ட்ரிக் காருக்கு முதன்முதலில் சார்ஜிங் ஸ்டேஷன் போட்ட காலத்தைப் பற்றி நான் எழுத வேண்டுமாம். "நல்லதா நாலு விஷயம் எழுதுங்க மேடம்" என்றாள்.

சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். எனக்கோ அதை நம்ப முடியவில்லை. அந்தக் குழியை எனக்குத் தெரியும். பாறைமேல் தோண்டிய குழி. மழைக்காலத்தில் எப்படியோ சமாளிக்கும், இந்த வெயிலில் பாஸ் ஆகாது. சூரியன் மேற்கே உதித்தாலும் ஆகாது. கீரையை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலை ஆட்டோ பிடித்து நீலசந்திராவுக்குப் போனேன். போய்விட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். நல்லதா நாலு விஷயம் என்னிடம் இல்லை ரூபா. இருக்கிறதை எழுதித் தருகிறேன். அச்சடிக்கிறதும் குப்பையில் போடுகிறதும் உங்கள் இஷ்டம்.

முதலில் எர்த் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், மலரைப் படிக்கிறவர்கள் எல்லாரும் எங்கள் இலாகா இல்லையே. ஒரு மெஷினில் கரண்ட் கசிந்தால் அது தொடுகிறவர் உடம்பு வழியாகப் போகாமல் மண்ணுக்குள் இறங்கிப் போக ஒரு வழி வேண்டும். அதற்காக ஒரு குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடி, அந்தக் குழாயிலிருந்து ஒரு இரும்புப் பட்டையை மெஷினுக்கு இழுப்போம். மண் ஈரமாக இருந்தால் கரண்டை வாங்கிக்கொள்ளும். காய்ந்த மண் வாங்காது. எவ்வளவு வாங்குகிறது என்று பார்ப்பதுதான் டெஸ்ட். குழியிலிருந்து நேர்கோட்டில் கொஞ்சம் தள்ளி ஒரு கம்பியை அடிப்போம், இன்னும் தள்ளி இன்னொன்று. மூன்றிலிருந்தும் வயர் இழுத்து ஒரு பெட்டியில் மாட்டி, கைப்பிடியைச் சுற்றினால் முள் நகரும். முள் கீழே நின்றால் குழி நல்ல குழி. மேலே ஏறினால் அது வெறும் பள்ளம்.

நான் டிப்ளமா முடித்து வேலைக்குச் சேர்ந்து முதலில் போனது ஆனேக்கல் பக்கம், பம்ப்செட் கனெக்‌ஷன் கொடுக்கிற வேலை. சேர்ந்த முதல் வாரமே பார்த்துவிட்டேன். டெஸ்டுக்கு முன்னால் லைன்மேன் ஒரு குடம் தண்ணீரில் இரண்டு கை உப்பைப் போட்டுக் கலக்கிக் குழியில் ஊற்றுவார். அதற்கு எங்கள் பாஷையில் அபிஷேகம் என்று பேர். இன்ஸ்பெக்டர் ஜீப் தெருமுனையில் திரும்பும்போதே "அபிஷேகம் ஆச்சா?" என்று குரல் வரும். ஆகியிருக்கும். முள் கீழே நிற்கும். எல்லாரும் டீ குடித்துவிட்டுக் கலைவோம். ஒரு மாதத்தில் குழி காய்ந்துவிடும். அதனால் என்ன? பம்ப்செட் வந்து "எர்த் எங்கே?" என்று கேட்டதா? டிரான்ஸ்பார்மர் கேட்டதா? அது பாட்டுக்கு ஓடியது. இலாகாவில் இருந்தவரை நானும் ஊற்றச் சொல்லியிருக்கிறேன். அதைப் பொய் என்று யாரும் நினைக்கவில்லை. சாமிக்கு முன்னால் விளக்கேற்றுவது போல அது ஒரு வழக்கம், அவ்வளவுதான்.

ரிட்டையர் ஆக ஐந்தாறு வருஷம் இருக்கும்போது என்னை சார்ஜிங் செல் என்கிற புதுப் பிரிவுக்கு மாற்றினார்கள். நாடு முழுக்க எலக்ட்ரிக் வண்டி ஓடப்போகிறது, பெட்ரோல் பங்க் மாதிரி தெருவுக்குத் தெரு சார்ஜிங் ஸ்டேஷன் வேண்டும் என்று டெல்லியிலிருந்து திட்டம். எங்கள் செல்லுக்கு மூன்றாவது மாடியில் இரண்டு அறை, ஒரு ஜீப், சுவர் நிறைய பெங்களூர் மேப். ஸ்டேஷன் வருகிற இடத்திலெல்லாம் பச்சைக் குண்டூசி குத்த வேண்டும். பொய் சொல்வானேன், எனக்கு அப்போது தலைகால் புரியவில்லை. ஓசூர் ரோடு புகையில் இருமி இருமியே என் அப்பா போய்ச் சேர்ந்தார். இந்த ஊருக்கு ஒரு நல்லது செய்துவிட்டுத்தான் ரிட்டையர் ஆகப்போகிறேன் என்று தெரிந்தவர்கள் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன்.

எங்கள் செயற்பொறியாளர் சிவலிங்கப்பா சார். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குரல் உயர்த்தி ஒரு நாளும் பேசியதில்லை. கோடையிலும் கையில்லாத ஸ்வெட்டர். யாரையாவது திட்ட வேண்டுமென்றால் முதலில் பை டூ காபி சொல்வார். ஒரு காபி வரும், அதை அவரே இரண்டு டம்ளரில் அளந்து ஊற்றுவார், இரண்டும் ஒரே மட்டம் வந்ததா என்று குனிந்து பார்ப்பார். பிறகுதான் விஷயம். பேனாவைத் தொடவே மாட்டார். அவர் கருத்தெல்லாம் சின்னச் சின்ன மஞ்சள் சீட்டில், பென்சிலில் இருக்கும். "பார்க்கலாம்." "பேசவும்." "அவசரம்." ஃபைல் அடுத்த மேஜைக்குப் போகும்போது சீட்டை உரித்துப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். என் கையெழுத்து மட்டும் மையில் இருக்கும்.

ஸ்டேஷன் முடிந்தது என்று சொல்ல அவருக்கு மூன்று போட்டோ வேண்டும். மெஷினில் பச்சை விளக்கு எரிகிற போட்டோ, மீட்டர் போட்டோ, எர்த் டெஸ்ட் முள் போட்டோ. மூன்றையும் ஏற்றினால் மொபைல் ஆப்பில் அந்த இடம் பச்சையாகிவிடும். அதற்கப்புறம் அதைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். நான் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் "போட்டோ இதியா அம்மா?" என்பார். இருக்கிறது என்றால் பேச்சு முடிந்தது.

நீலசந்திராவில் எங்களுக்குக் கிடைத்த இடம் ஒரு விளையாட்டு மைதானத்தின் காம்பவுண்டு ஓரம். பீன்யா தொழிற்பேட்டையில் செய்த பேனல் பெட்டி வந்து இறங்கிய அன்றே அந்தோணி என்று ஒருவர் வந்துவிட்டார். நாற்பது வயதிருக்கும், காக்கிச் சட்டை, பாக்கெட்டில் மாதா படம். பொம்மசந்திரா ஃபாக்டரி ஒன்றுக்குக் காலை ஷிப்டு ஆட்களை டீசல் வண்டியில் கொண்டுபோய் விடுகிறவர். கொஞ்ச நேரம் சும்மா நின்று பார்த்தார். பிறகு பக்கத்தில் வந்தார்.

"மேடம், ஒரு வார்த்த. இது நெஜமா ஓடுமா, இல்ல போட்டோவுக்கா?"

எனக்கு மூக்குமேல் கோபம். "என்னைப் பார்த்தா போட்டோவுக்கு வேலை செய்யறவ மாதிரி தெரியுதா?" என்று எகிறினேன்.

"கோச்சிக்காதீங்கோ மேடம். டீசல் வண்டிய வித்துட்டு எலக்ட்ரிக் வாங்கலாம்னு இருக்கேன். ஃபாக்டரியிலயும் இனிமே எலக்ட்ரிக் வண்டிதான் வேணும்ன்றான். ஆனா எங்க சந்துல பைக்கே திரும்பாது. வண்டிய இந்த மைதானத்தாண்டதான் நிறுத்தணும். வீட்ல சார்ஜ் போட வழியில்ல, இந்த மெஷின நம்பித்தான் வாங்கணும். நீங்கோ சொல்லுங்கோ, வாங்கலாமா?"

"தாராளமா வாங்குங்க. இது என் கையெழுத்துல நிக்கற ஸ்டேஷன். பத்து வருஷத்துக்கு அசையாது."

அசையாதாம். என் வாயைத் தைக்க யாருமில்லை அன்றைக்கு.

ஒரு வாரம் கழித்து எர்த் டெஸ்ட். திறப்பு விழாவுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. லைன்மேன் முனிராஜு கம்பிகளை அடித்தார், இரண்டாவது கம்பி பாறையில் பட்டுக் 'டங்' என்றது. கைப்பிடியைச் சுற்றினேன். முள் விர்ரென்று மேலே போய் நின்றது. இடம் மாற்றி அடித்தோம். அதேதான். இரண்டு முழத்துக்குக் கீழே முழுக்கப் பாறை. முறையாகச் செய்வதென்றால் போர் போடுகிற வண்டியைக் கொண்டுவந்து ஆழத்துக்குத் துளைத்துக் குழாய் இறக்க வேண்டும். அதற்கு மறுபடி எஸ்டிமேட், மறுபடி அனுமதி, ஒரு மூன்று மாதம். சிவலிங்கப்பா சாருக்குப் போன் போட்டேன். "விழா பேனர் அடிச்சாச்சு அம்மா. உங்களுக்குத் தெரியாததா?" என்று வைத்துவிட்டார்.

எனக்குத் தெரிந்ததுதான். "முனிராஜு, அபிஷேகம் பண்ணிடு" என்றேன்.

சுற்றிலும் குழாய் இல்லை. முனிராஜு முழித்துக்கொண்டு நிற்க, அந்தோணி முன்னால் வந்தார். "தண்ணிதானே மேடம்? நம்ம வீட்டுல இருக்குது" என்று ஓடினார். பத்து நிமிஷத்தில் புருஷனும் பெண்சாதியும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் குடத்தோடு வந்தார்கள். அவர் பெண்சாதி ஸ்டெல்லா, ஒல்லியான பெண், வீட்டிலிருந்து உப்புப் பாக்கெட்டையும் கொண்டுவந்திருந்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. ஏதோ வேலைக்கு வேண்டியது, சர்க்கார் மேடம் கேட்கிறார்கள், கொடுத்தார்கள். அந்தோணி தன் கையாலேயே இரண்டு குடத்தையும் குழியில் ஊற்றினார். "நம்ம வண்டிக்கு நாமே தண்ணி காட்றோம் பாத்தியா" என்று ஸ்டெல்லாவிடம் சிரித்தார். நான் கைப்பிடியைச் சுற்றினேன். முள் சாதுவாகக் கீழே நின்றது. போட்டோ எடுத்தேன்.

அந்த நிமிஷம் அவர் என் எதிரில்தான் நின்றார். "அந்தோணி, இப்ப வாங்காதீங்க, கொஞ்சம் பொறுங்க" என்று சொல்ல ஒரு மூச்சுக் காற்று போதும். மெஷின் கம்பெனிக்காரன் கொடுத்த புத்தகத்தில் தெளிவாகப் போட்டிருந்தது. வண்டியை மாட்டுகிற ஒவ்வொரு தடவையும் எர்த் சரியாக இருக்கிறதா என்று மெஷின் தானே பார்த்துக்கொள்ளும், இல்லாவிட்டால் சிவப்பு விளக்குப் போட்டுவிட்டுக் கரண்ட் கொடுக்காது என்று. நான் படித்திருந்தேன். சும்மா பயமுறுத்த எழுதியிருப்பான், எல்லாம் ஓடும் என்று நினைத்தேன். இத்தனை வருஷம் எந்த மெஷினும் எங்களைக் கேள்வி கேட்டதில்லையே, இது மட்டும் கேட்கும் என்று எப்படித் தோன்றும்?

விழா நடந்தது. பெரியவர்கள் வந்து ரிப்பன் வெட்டினார்கள். அடுத்த மாதம் அந்தோணி வெள்ளை நிறத்தில் எலக்ட்ரிக் கார் வாங்கினார். சர்ச் பாதிரியார் வந்து ஜெபம் பண்ணி வைத்தார். அந்தோணி மைசூர்பாக் டப்பாவோடு ஆபீசுக்கே வந்து "உங்க வாய் முகூர்த்தம் மேடம்" என்றார். அந்த மழைக்காலம் முழுக்க ஒரு குறையுமில்லை. சுவர் மேப்பில் பச்சைக் குண்டூசிகள் ஏறிக்கொண்டே போயின. எல்லாக் குழிக்கும் அபிஷேகம்தான்.

மார்ச்சில் அந்தோணியின் போன் வந்தது. "மேடம், செவப்பு லைட் எரியுது. மாட்டினா டிக்குனு கட்டாயிடுது."

போனதுமே தெரிந்துவிட்டது. குழி மூடியைத் தூக்கினால் உள்ளே சாம்பல் மாதிரி மண். அக்கம்பக்கம் கேட்டுத் தண்ணீர் வாங்கி ஊற்றினோம். கொஞ்ச நேரத்தில் பச்சை. அந்தோணி குழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் ஒன்றும் மண்டு இல்லை. அன்றைக்கு எதற்குத் தண்ணீர் கேட்டோம் என்று அப்போது புரிந்துவிட்டது அவருக்கு.

"இதுக்கா மேடம்?"

நான் அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னேன். "கோடை முடியற வரைக்கும் அப்பப்ப ஊத்துங்க. ஈரம் காயாம பாத்துக்கிட்டா வேலை செய்யும். அதுக்குள்ள நான் சரி பண்ணிடறேன்."

அந்தக் கோடை எப்படிப்பட்ட கோடை என்று பெங்களூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். போர்வெல் எல்லாம் வறண்டு, பணக்கார அபார்ட்மென்டிலேயே கை கழுவத் தண்ணீர் இல்லாமல் டேங்கர் பின்னால் ஓடிய கோடை. நீலசந்திரா சந்துகளில் கேட்கவா வேண்டும். ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு ஸ்டெல்லா எங்கள் மூன்றாவது மாடிக்கு வந்தாள். இடுப்பில் காலிக் குடம். நேராக என் மேஜைக்கு வந்து ஃபைல்கள்மேல் அந்தக் குடத்தை வைத்தாள்.

"நாலு நாளா தண்ணி வரல மேடம். டேங்கராண்ட சண்ட போட்டு ரெண்டு கொடம் புடிச்சேன். ஒண்ண வண்டி குடிச்சிடிச்சி. புள்ளைங்க மூஞ்சி கழுவாம ஸ்கூலுக்குப் போச்சிங்க. நான் தெரியாமத்தான் கேக்கறேன், உங்க மெஷினு கரண்டுல ஓடுதா, தண்ணியில ஓடுதா?"

ஆபீசில் நாலு பேர் களுக்கென்று சிரித்தார்கள். அவளை உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. "சரி பண்றேன்னீங்களாமே, எப்போ?" என்றாள். "இந்த வாரமே" என்றேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைக்கே ஃபைல் எழுதினேன். நீலசந்திரா குழியை மூடிவிட்டு ஆழமாகத் துளைத்துப் புது எர்த் போட வேண்டும் என்று. எழுதி எடுத்துக்கொண்டு சிவலிங்கப்பா சார் அறைக்குப் போனேன். பை டூ காபி வந்தது. அளந்து ஊற்றினார், குனிந்து மட்டம் பார்த்தார். ஃபைலை முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் மெதுவாகப் படித்தார்.

"காரணம் என்ன போட்டிருக்கீங்க? மண் காஞ்சு போச்சா?"

"ஆமா சார்."

"அப்போ முதல் டெஸ்ட்ல ரீடிங் நல்லா வந்ததே, அது எப்படின்னு கேப்பாங்களே அம்மா."

நான் காபி டம்ளரைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன்.

"இந்த ஒரு ஸ்டேஷன்தானா?"

"நான் கையெழுத்துப் போட்டது எல்லாமே இப்படித்தான் சார். உங்களுக்கும் தெரியும்."

"எனக்குத் தெரியும். நானும் ஊத்தினவன்தான், உங்களுக்கு முன்னாலயே." ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டார். கோபமே இல்லை அந்த மனுஷனுக்கு. "எழுதுங்க அம்மா, நான் தடுக்கல. ஆனா சரியா எழுதுங்க. 'தண்ணீர் ஊற்றிப் பொய் ரீடிங் எடுத்தேன்' அப்படின்னு முதல் வரி. மையில எழுதி, கீழ கையெழுத்துப் போடுங்க. விசாரணை வரும். உங்களுக்கு ரிட்டையர்மென்ட் டிசம்பர்தானே? விசாரணை நடந்துக்கிட்டிருந்தா பென்ஷன் நிக்கும். அதையும் யோசிச்சுக்குங்க."

ஒரு மஞ்சள் சீட்டு எடுத்துப் பென்சிலால் எழுதி ஃபைல்மேல் ஒட்டினார். "பேசவும்." பேசியாகிவிட்டதே, இன்னும் என்ன பேச? காபியைக் குடித்தேன். ஃபைலை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தேன். அடி டிராயரில் வைத்தேன். வீட்டுக்காரர் போன பிறகு நான் ஒண்டிக்கட்டை, அந்தப் பென்ஷன்தான் எனக்குச் சோறு. இதெல்லாம் சாக்கு இல்லை, நடந்ததைச் சொல்கிறேன். பயந்தேன். வெட்கம்கெட்டுப்போய் பயந்தேன்.

அடுத்த வாரம் அந்தோணியே கூப்பிட்டார். குரலில் ஒரே குஷி. "மேடம், சரியாயிடிச்சி! இனிமே தண்ணியே வேணாம். நம்ம ஏரியா எலக்ட்ரீஷியன் ஒருத்தன், பெட்டியத் தொறந்து ஒரு சின்ன வயர் போட்டான், அவ்ளோதான். ரெண்டு நாளா பச்ச லைட்டு ஜம்முனு எரியுது!"

என்ன வயர் என்று கேட்கவே தேவையில்லை. கரண்ட் திரும்பிப் போகிற கம்பி ஒன்று உண்டு, நியூட்ரல் என்போம். அதையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிட்டால் மெஷின் ஏமாந்துபோகும், எர்த் இருக்கிறதென்று நம்பிவிடும். ஆனால் எங்கேயாவது அந்த நியூட்ரல் அறுந்தது என்றால் கரண்ட் முழுக்க வண்டி உடம்புக்கு வந்துவிடும். கதவைத் தொட்டவர் அங்கேயே முடிந்தார்.

ஜீப்புக்குக் காத்திருக்கவில்லை, ஆட்டோவில் ஓடினேன். மைதானத்தில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். சார்ஜில் நின்ற வெள்ளைக் கார்மேல் சாய்ந்துகொண்டு இரண்டு பிள்ளைகள் வாட்டர் பாட்டிலுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. நான் போட்ட கூச்சலில் மைதானமே திரும்பிப் பார்த்தது. மெயினை இறக்கினேன். பேனல் பெட்டியைத் திறந்தேன். இருந்தது, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பச்சை வயர். பிடுங்கிப் போட்டேன். பெட்டியைப் பூட்டி, அரக்குச் சீல் வைத்தேன். யாராவது பெட்டியில் கை வைத்திருந்தால் இணைப்பைத் துண்டித்து, சீல் வைத்து, புதிதாக எர்த் சர்டிபிகேட் வரும்வரை திறக்கக் கூடாது. அது விதி. என் சர்வீசில் ஒரு விதியை எழுத்துப் பிசகாமல் செய்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

அந்தோணி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"புள்ளைங்க செத்துப்போயிருக்கும் அந்தோணி. நீங்களும்தான்."

தலையாட்டினார். புரிந்தது அவருக்கு. சண்டை போடுவார், கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எப்ப மேடம் தொறப்பீங்கோ?"

"புது எர்த் போட்டதும்."

"எப்ப போடுவீங்கோ?"

நான் பூட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தேன். கார் கதவில் கையை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார், "நீங்கோதானே மேடம் வாங்கச் சொன்னீங்கோ."

அவ்வளவுதான் சொன்னார். அதற்கப்புறம் எனக்குப் போன் பண்ணவே இல்லை.

கொஞ்ச நாள் மற்ற ஸ்டேஷன்களுக்கு ஓடிப் பார்த்தாராம். எல்லாம் நான் கையெழுத்துப் போட்டவைதான், பாதி இடத்தில் சிவப்பு விளக்கு. மீதி இடத்தில் வரிசை. வரிசையில் நின்று காலை ஷிப்டுக்குப் போகத் தாமதமாகி, ஃபாக்டரிக்காரன் வேறு வண்டி வைத்துக்கொண்டான். விற்கப் போனால் நல்ல விலைக்குக் கேட்பாரில்லை. இதெல்லாம் முனிராஜு வந்து சொன்னது. மழை வந்ததும் நான் மறுபடி சாரிடம் போய் நின்றேன், இப்போது மண் ஈரமாக இருக்கிறது, டெஸ்ட் எடுத்துத் திறக்கலாமே என்று. "அது டேம்பர் கேஸ் ஆச்சே அம்மா, பெட்டியைத் தொட்டது யாருன்னு விசாரணை முடியட்டும்" என்றார். மஞ்சள் சீட்டில் "பார்க்கலாம்." டிசம்பரில் எனக்கு மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். பென்ஷன் முதல் மாதத்திலிருந்தே ஒழுங்காக வருகிறது. ஆப்பில் இன்றைக்கும் நீலசந்திரா பச்சையாகத்தான் இருக்கிறது.

இனி இன்று காலை பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மைதானச் சுவர் ஓரம் ஒரு நீலத் தார்ப்பாய். அதற்குக் கீழே அந்தோணியின் கார், டயரில் காற்று இறங்கி அமுங்கிப்போய் இருக்கிறது. மெஷின் முழுக்கத் தூசி. நான் வைத்த சீல் அப்படியே இருக்கிறது. ஆனால் எர்த் குழியைச் சுற்றி மட்டும் ஒரு வட்டத்துக்குப் புல் பச்சைப்பசேல் என்று முளைத்திருக்கிறது. மைதானம் முழுக்கச் செம்மண் வெடித்துக் கிடக்கும்போது அந்த ஒரு இடம் மட்டும்.

குனிந்து மூடியைத் தூக்கிக் கையை விட்டேன். சேறு ஒட்டியது.

"மேடமா? எளச்சிட்டீங்களே!" ஸ்டெல்லா. இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம். தலையில் நரை கண்டிருந்தது. என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் பாட்டுக்கு வந்து ஒரு குடத்தைக் குழியில் சாய்த்தாள்.

"ஸ்டேஷனே பூட்டிக் கெடக்கே ஸ்டெல்லா. எதுக்கு ஊத்தறே?"

"நல்லா கேட்டீங்க போங்க. நீங்கதானே சொன்னீங்களாம், ஈரம் காயாம பாத்துக்கினா வேலை செய்யும்னு. அவரு இப்போ எவன்கிட்டயோ டீசல் வண்டி ஓட்டறாரு. அதான் காலைல நானே ஊத்திட்டுப் போயிடுவேன். என்னைக்காவது ஆபீஸ்லேந்து வந்து பாக்கறப்போ குழி காஞ்சிருக்குனு திரும்பிப் போயிடக்கூடாது பாருங்க."

"தினமுமா?"

"தெனம்தான். தண்ணி வராத நாள்ல துணி அலசின தண்ணி." அவள் முகம் மலர்ந்தது. "வீண்போகல மேடம். முந்தாநாள் ஒரு பொண்ணு வந்திச்சி, உங்களாட்டம் பொட்டிய வச்சிக்கினு சுத்திச்சி. பாஸுன்னு சொல்லிச்சி! தொறக்கறாங்களாம். வண்டிய கழுவி வெக்கச் சொல்லிட்டாரு அவரு. ரெண்டு வருஷமாச்சி மேடம், அவரு சிரிச்சி நான் பாத்து."

சொல்லியிருக்க வேண்டும். ஐயோ, அப்போதே சொல்லியிருக்க வேண்டும். இந்தத் தண்ணியாலதான் பாஸ் ஆச்சு, நீ ஊத்தாம இருந்திருந்தா இந்த வாரம் ஃபெயில் ஆகி, போர் வண்டி வந்து உனக்கு நல்ல எர்த் போட்டிருப்பாங்க, நீ ஊத்தி ஊத்தியே அதைக் கெடுத்துட்டே, இதுக்கெல்லாம் காரணம் நான்தான், என்று. அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வேன்?

இரண்டாவது குடத்தைத் தூக்கும்போது அவளுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது, "ஏசுவே" என்று கீழே வைத்துவிட்டாள்.

ரூபா, அந்த ரீடிங்கை அடித்துவிடு. அது குழியின் ரீடிங் இல்லை, ஸ்டெல்லாவின் தண்ணீர். விழாவை நிறுத்து. போர் வண்டியைக் கூப்பிடு. யாராவது போய் அந்தப் பெண்ணிடம் இனிமேல் ஊற்றாதே என்று சொல்லுங்கள், என்னால் முடியவில்லை. முதல் வரி என்று சிவலிங்கப்பா சார் சொன்னாரே, அதையும் எழுதிவிடுகிறேன். தண்ணீர் ஊற்றிப் பொய் ரீடிங் எடுத்தேன். நீலசந்திராவில் மட்டுமில்லை, நான் கையெழுத்துப் போட்ட எல்லா ஸ்டேஷனிலும். மையில்தான் எழுதியிருக்கிறேன், கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

இன்று காலை அந்த இரண்டாவது குடத்தை ஊற்றியதும் நான்தான்.